கூட்ஸ் ஷெட் வாசலில் கல்லாகிப்போன சிமெண்ட்

இன்று காலை ஒக்கலிபுரம் பக்கத்து ரயில்வே கூட்ஸ் ஷெட்டில், எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த சிமெண்ட் மூட்டைகளைப் பார்த்தேன். தொட்டால் கருங்கல்.

நான் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். இந்த யுத்தத்தில் சிமெண்டுக்குப் பர்மிட் வாங்க மாதக்கணக்கில் அலைந்தோம். புது வார்டுக்குக் கூரை மட்டும்தான் பாக்கி.

கூட வந்த கான்ட்ராக்டர் ஷெட் கிளார்க்கிடம் சத்தம் போட்டார்.

“மூட்டை வந்துடுச்சுன்னு ஒரு ஆளு கிட்ட சொல்லி அனுப்பக் கூடாதா?”

“நீங்க வந்து கேப்பீங்கன்னு இருந்தேன் சார். உள்ள பூரா பட்டாளத்து சாமான். அதான் வெளியில போட்டோம்.”

“நீங்க சொல்லி அனுப்புவீங்கன்னுல்ல நான் இருந்தேன்!”

இருவரும் அப்படியே இருந்துவிட்டார்கள். மழை காத்திருக்கவில்லை.

புது வார்டு முடியாததால், பிரசவத்துக்கு வந்த ஸ்டெல்லாவை வராந்தாவில் படுக்க வைத்திருந்தோம். சாரலும் குளிரும் சேர்ந்து அவளுடைய பச்சைக் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. நேற்று குழந்தையை அடக்கம் செய்தார்கள்.

“கூரை போட்டுருவாங்கன்னு சொன்னீங்களே சிஸ்டர், ஏன் போடல?” என்று ஸ்டெல்லா கேட்டாள். நேற்று எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று தெரியும்.

அந்த மூட்டைகளை ஆஸ்பத்திரி வாசலில் படியாகப் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் கான்ட்ராக்டர்.

நண்பர்களே, எங்காவது சிமெண்ட் கிடைக்கும் என்றால் இன்றைக்கே சொல்லி அனுப்புங்கள். வராந்தாவில் ஸ்டெல்லா படுத்திருந்த கட்டிலுக்கு வேறொரு நிறைமாதக்காரி வந்துவிட்டாள்.