முடியாதுன்னு சொன்ன மேனேஜர்

நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டினவன் இல்லை. ஆனாலும் எம். புதுப்பட்டிப் பக்கம் சொந்தமாகப் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிறேன். ஆளைப் பார்த்ததும் எடை போடுவதில் என்னை மிஞ்ச இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. அப்பேர்ப்பட்ட நானே ஒரு ஆள் விஷயத்தில் கோட்டை விடப் பார்த்தேன்.

என்னிடம் இரண்டு மேனேஜர்கள். விற்பனை பார்க்கிறவர் வாயாலேயே வாணம் விடுவார். எதைக் கேட்டாலும், "ஜமாய்ச்சிரலாம் அண்ணாச்சி!" அவருக்குச் சம்பளத்தை அள்ளிக் கொடுத்தேன். உற்பத்தி பார்க்கிறவர் வேறு ரகம். வெம்பக்கோட்டைப் பக்கம் மேகம் திரண்டாலே இடிக்குப் பயந்து வேலையை நிறுத்தி ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பயந்த சுபாவம் என்று அவருக்குப் பாதிச் சம்பளம்தான் வைத்திருந்தேன்.

போன சீசனில் அவர் வந்து, "வேற கம்பெனியில கூப்பிடுறாக. மாசக் கடைசியில கிளம்புறேன் அண்ணாச்சி" என்றார். போனால் போகட்டும் என்று விட்டேன்.

அந்த வாரமே வடக்கேயிருந்து ஒரு பெரிய வியாபாரி வந்தார். இருபது நாளில் மூன்று லோடு தரைச்சக்கரம் வேண்டும் என்றார்.

"ஜமாய்ச்சிரலாம்!" என்றார் விற்பனை.

"முடியாது" என்றார் உற்பத்தி. "வானம் மூட்டமா இருக்கு, சரக்கு காயாது. ஒரு லோடு தாரேன். மிச்சம் வெயிலைப் பொறுத்து."

மேசைக்கடியில் அவர் காலை ஓங்கி மிதித்தேன்.

"அண்ணாச்சி, காலை எடுங்க. என்னை மிதிச்சா சக்கரம் காஞ்சிருமா?"

வியாபாரி விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் சொன்னார்: "காலையில இருந்து ஆறு கம்பெனி பார்த்தேன். எல்லாம் முடியும், முடியும். போன வருஷம் முடியும்னு சொன்ன ஆள் குடுத்த சக்கரம் சுத்தவே இல்ல!"

சீசன் ஆர்டர் மொத்தமும் எங்களுக்கே! எழுந்து குதிக்காத குறைதான். ஆனால் ஆர்டர் வாங்கித் தந்தவர் கிளம்பப்போகிறாரே! வண்டியை எடுக்கப்போனவரை ஓடிப்போய் மறித்தேன்.

"எம்புட்டு வேணும், கேளும்!"

"விற்பனை பாக்குறவருக்குக் குடுக்கிற அதே சம்பளம். இன்னொண்ணு. காயலைன்னு நான் சொன்னா லோடு ஏறக்கூடாது. நீங்களே சொன்னாலும்."

என் கம்பெனியில் எனக்கே சட்டமா! ஆனாலும் சரி என்றேன். அவர் பார்ப்போம் என்கிற மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

முதல் லோடுக்கு நல்ல நேரம் குறித்து, லாரிக்கு மாலை போட்டு நிறுத்தியிருந்தேன். அவர் வந்து, பெட்டியிலிருந்து ஒரு சக்கரத்தை எடுத்துத் தடவினார். "இன்னும் ஒரு வெயில் வேணும்."

"நல்ல நேரம் போகுதே அண்ணாச்சி!" என்று பதறினார் விற்பனை.

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். நான் டிரைவரைப் பார்த்து உரக்கச் சொன்னேன்: "போய்ச் சாப்பிடுப்பா. நாளைக்கு ஏத்திக்கிடலாம்!"

அப்போதுதான் உற்பத்தி போனை எடுத்தார். தன்னை வேலைக்குக் கூப்பிட்ட அந்தக் கம்பெனிக்காரரிடம், என் காது கேட்கவே சொன்னார்:

"மன்னிச்சுக்கோங்க. நான் வரல."