“சாப்பிட்டியளோ?” என்று கேட்கக் கூடாத இடம்

கதிர்ச்சிகிச்சைப் பிரிவில் சக்கர நாற்காலி தள்ளுகிறவனுக்குத் தள்ளுவதைவிடக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் பெரிய வேலை. சுவிஸுக்கு வந்து நான் டொச், அதாவது ஜெர்மன் மொழி, படித்ததும் அப்படித்தான். ஆஸ்பத்திரிக் கதிரைகளில் காத்திருந்து களைத்த உங்களுக்கு இது புரியும்.

டொக்டர் எங்கே?

பார்பரா பல வருடம் தாதியாக இருந்தவர். பிறகு மேலே படித்து, மருத்துவரின் மேற்பார்வையில் நோயாளிகளைத் தானே பரிசோதித்து மருந்தும் மாற்றுகிற உயர்நிலைத் தாதியாக எங்கள் பிரிவில் பயிற்சி எடுத்தார். முதல் நாள் ஒரு சுவிஸ் விவசாயி, “டொக்டர் எங்கே?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பார்பரா அவருடைய சப்பாத்தைக் கழற்றி, வீங்கிய காலை அரைமணி நேரம் பார்த்தார். நான் திரும்பத் தள்ளிக்கொண்டு போகும்போது விவசாயி என்னிடம் சொன்னார்: “டொக்டரைக் கண்டால் சொல்லு, அவர் அவசரப்பட்டு வரத் தேவையில்லை.”

நான் சொல்லிக்கொடுத்த கேள்வி

பூம்ப்ளிஸ் பகுதியில் இருக்கிற சிவம் அண்ணைக்குத் தொண்டையில் புற்றுநோய். தலை அசையாதிருக்க, முகத்தில் அச்செடுத்த வலைக்கவசம் போட்டுத்தான் கதிர் கொடுப்பார்கள். ஆள் மெலிந்தால் கவசம் தளரும், சிகிச்சை தடைப்படும். ஆகவே அவர் சாப்பிடுகிறாரா என்று கவனிப்பது பார்பராவின் பொறுப்பு. தமிழில் எப்படிக் கேட்பது என்றார். “சாப்பிட்டியளோ?” என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

தினமும் கேட்டார். தினமும் அண்ணை, “ஓம் பிள்ளை, சாப்பிட்டாச்சு” என்றார். மூன்றாம் வாரம் நிறுத்துப் பார்த்தால் நாலு கிலோ குறைவு. லிஃப்டில் நான் கேட்டதற்கு அண்ணை சொன்னார்: “தண்ணியே இறங்குதில்லை தம்பி. அதுக்காகச் சாப்பிட்டியளோ எண்டு கேக்கிற பிள்ளைக்கு இல்லையெண்டு ஆர் சொல்லுறது?”

கரண்டி

பார்பராவிடம் ஒப்புக்கொண்டேன். எங்களுக்கு அது விசாரிப்பு இல்லை, வணக்கம்; பதில் எப்போதும் ‘ஓம்’தான். என் மனைவியும் கடைசி மாதங்களில் எனக்கு அந்த ‘ஓம்’ஐத்தான் சொன்னாள். நானும் நம்பினேன்.

மருத்துவர், சாப்பாடு போக வயிற்றில் குழாய் வைக்கலாம் என்றார். பார்பரா ஒரு வாரம் தவணை கேட்டார். அண்ணையின் வாயைத் திறக்கச் சொல்லி, புண்களைப் பார்த்து, வலிமருந்தைச் சாப்பாட்டுக்கு முன் வரும்படி மாற்றினார். பிறகு அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, தினமும் ஒரு யோகட்டும் கரண்டியுமாக, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்தார். அடுத்த வாரம் நிறை குறையவில்லை, குழாயும் தேவைப்படவில்லை. கடைசிக் கதிர் முடிந்த அன்று அண்ணை சொன்னார்: “இந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்ல ஏலாது தம்பி, கரண்டியோட நிக்குது.”

பார்பரா பயிற்சியில் நல்லபடி தேறினார். அவருக்குப் பிழையாகப் பாடம் நடத்திய ஒரே ஆசிரியன் நான்தான்.