ஜெசிந்தாவின் முதல் வாக்கியம்

அன்று காலை சர்வீஸுக்கு வந்த வண்டிகளை உள்ளே வாங்கிக்கொண்டிருந்தபோது என் கைபேசியில் ஜெசிந்தாவின் பெயர் வந்தது. எப்போதும்போல, “சொல்லுங்க மேடம், இன்னிக்கி இன்னா தப்பு பண்ணிட்டோம்?” என்றேன். மறுமுனையில் பேசியது அவருடைய மகள் ஷீபா. “அங்கிள், அம்மா போயிட்டாங்க” என்றாள். விடியற்காலையில் நெஞ்சு வலி என்றாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. தாயைப் பறிகொடுத்த பிள்ளையிடம் கேலியாகத் தொடங்கிவிட்டோமே என்று அன்று முழுவதும் எனக்குக் கூசிக்கொண்டிருந்தது.

ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர் குரலைக் கேட்டவர்கள் ஒரகடம், வல்லம் வடகால், ஸ்ரீபெரும்புதூர் பக்கமெல்லாம் இருக்கிறார்கள். எங்கள் சர்வீஸ் சென்டரில் அவருக்குத் தொலைபேசி வேலை. எனக்குப் பக்கத்து மேசை. விற்ற காரில் ஏதோ ஒரு பாகம் சரியில்லை என்று பின்னால் தெரியவந்தால், கம்பெனி அந்தக் கார்களையெல்லாம் திரும்ப அழைத்துக் காசு வாங்காமல் மாற்றிக் கொடுக்கும். அதற்குப் பெயர் ரீகால். அழைப்பது கம்பெனி என்று பேப்பரில் போடுவார்கள். உண்மையில் அழைத்தது மண்ணூரிலிருந்து டிபன் பாக்ஸோடு வந்துகொண்டிருந்த ஜெசிந்தா.

என்ன பேச வேண்டும் என்று மேலிடத்திலிருந்து எழுதியே வரும். “வாழ்த்துகள், உங்கள் வாகனம் இலவசச் சிறப்புப் பரிசோதனைக்குத் தேர்வாகியுள்ளது” என்று அது தொடங்கும். ஜெசிந்தா அதை நல்ல பிள்ளையாகப் படித்துப் பார்த்தார். பாதிப் பேர் லாட்டரி மோசடி என்று நினைத்துப் போனை வைத்தார்கள். ஒருவர் ஓடிபி நம்பரைத் தர மாட்டேன் என்று முந்திக்கொண்டார். ஜெசிந்தா அதைக் கேட்கவே இல்லை, பாவம். ஒரு திங்கட்கிழமை ஜெசிந்தா அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தம் சொந்த வாக்கியத்தைச் சொல்லத் தொடங்கினார். “உங்க வண்டில எங்க கம்பெனி ஒரு தப்பு பண்ணிட்டுது. அத சரி பண்ணிக் குடுக்கணும். எப்ப கொண்டாறீங்க?”

மேனேஜர் கூப்பிட்டுக் கண்டித்தார். அவர் பயமும் நியாயமானதுதான். தப்பு என்று நாமே சொன்னால் நாளைக்கு எவனாவது கோர்ட்டுக்குப் போவான் என்றார். ஜெசிந்தா நின்றபடியே கேட்டுவிட்டு, “தப்புன்னா நம்பறாங்க சார். இலவசம்னாதான் பயப்படறாங்க” என்றார். கார்கள் வரத் தொடங்கியதும் மேனேஜர் அதைப் பற்றிப் பேசாமல் விட்டுவிட்டார்.

அவர் பயந்ததும் ஓரளவு நடந்தது. ஒரு பெரியவர் நேரே வந்து, தப்பு என்று ஒப்புக்கொண்டீர்கள் அல்லவா, புது வண்டி கொடுங்கள் என்று மேசையைத் தட்டினார். ஜெசிந்தா எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டார். எனக்குத்தான் ரத்தம் கொதித்தது. பெரியவர் போன பிறகு ஜெசிந்தா என்னிடம், “திட்டுறவரு வண்டியக் கொண்டாந்துட்டாரு பாத்தியா. மரியாதையா சரிம்மான்றவங்கதான் வர்றதேயில்ல” என்றார். இந்த வேலையில் நான் கேட்ட பெரிய உண்மை அதுதான்.

வேறு ஊர்க்காரர்கள் ரீகால் என்றதும் எவ்வளவு செலவாகும் என்று கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் முதல் கேள்வி “எந்தப் பார்ட்டு?” என்பதுதான். காரணம், ஒரு காருக்குள் இருப்பதில் பாதியைச் செய்வது எங்கள் ஆட்கள். ஒருவன் சீட் தைக்கிறான், அவன் மச்சான் கண்ணாடி பொருத்துகிறான், எதிர்வீட்டுப் பெண் வயர் கட்டுகிறாள். பார்ட்டின் பெயரைச் சொன்னால் அது எந்தக் கம்பெனி, எந்த ஷிப்ட் என்று ஊருக்கே தெரியும். தன் பார்ட்டாக இருந்துவிட்டால் ஆள் வரவே மாட்டான். நானே செய்தது, எனக்குத் தெரியாதா என்பான். தான் பொருத்திய பாகத்தை நம்பித் தன் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போவான். இப்படி ஒரு ரோஷம் வேறெங்கும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

அந்த ரோஷம் ஜெசிந்தாவின் சொந்தத் தம்பியிடமே வந்து நின்றது. அருள்ராஜ் வல்லம் வடகாலில் கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் நிற்பவர். கார் டேங்குக்குள் உட்கார்ந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்பை மூடி முடுக்குவது அவர் வேலை. கடன் வாங்கி அவர் எடுத்த காரிலும் அதே பம்ப். அந்தப் பம்ப் திடீரென்று இறுகிக்கொண்டால் ஓடுகிற கார் நடுரோட்டில் நின்றுவிடும் என்று ரீகால் வந்தது. வண்டலூர் ரோட்டில், பின்னால் கன்டெய்னர் லாரி வரும்போது கார் நின்றால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஜெசிந்தா தம்பிக்கும் அதே வாக்கியத்தைத்தான் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். எந்தப் பார்ட்டு என்று தம்பி கேட்டிருப்பார் போலும், “ஃப்யூவல் பம்ப்பு” என்றார் இவர். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். ஊராருக்கெல்லாம் நம்பிக்கை கொடுத்த அந்தத் ‘தப்பு’ என்கிற சொல் தம்பியை மட்டும் குத்திவிட்டது. அப்படியென்றால் என் கை தப்பு செய்தது என்கிறாயா என்பதுதான் அவர் கேள்வி. ஜெசிந்தா கடைசியில், “யார் தப்புன்னு கம்பெனி பாத்துக்கும். வண்டில யாரு ஏறப்போறாங்கன்றதுதான்டா என் கவல” என்றார். அதற்குள் லைன் துண்டிக்கப்பட்டிருந்தது.

அப்போது ஷீபாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணைச் சர்ச்சுக்கு அழைத்து வருவது தாய்மாமன் உரிமை. அருள்ராஜ் தம் காருக்கு என்ன பூ, என்ன ரிப்பன் என்றுகூட முடிவு செய்துவிட்டார். ஜெசிந்தா முதல் பத்திரிகையைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனார். பம்ப் மாற்றாமல் என் பெண் உன் வண்டியில் ஏற மாட்டாள் என்று, தம்பி மனைவியும் மாமியாரும் நிற்கும்போதே சொல்லிவிட்டு வந்தார். தாய்மாமனைப் பார்த்துச் சொல்லக்கூடிய பேச்சா அது? அருள்ராஜ் பேச்சை நிறுத்தினார். கூடப் பிறந்தவனைவிடக் கார் கம்பெனி பெரிதாகிவிட்டது என்று உறவில் பேசினார்கள். ஜெசிந்தா ஒரு அழைப்பை முடித்து அடுத்ததை எடுப்பதற்கு நடுவில் கண்ணைத் துடைத்துக்கொள்வார். தம்பி வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “ஷேர் ஆட்டோல போவா. பத்திரமா போவா” என்றார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அருள்ராஜ் சொல்லாமல் கொள்ளாமல் வந்து வரிசையில் காரை நிறுத்தினார். எங்கள் யாரையும் பார்க்கவில்லை. பின்சீட்டைத் தூக்கிப் பம்பை வெளியே எடுக்கும்வரை கைகட்டி நின்றார். எடுத்ததும் அதைக் கேட்டு வாங்கி, பெட்ரோல் நாற்றத்தோடு திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியின் விளிம்பில் விரலை ஓட்டினார். ஜெசிந்தா தம் மேசையை விட்டு வந்து பக்கத்தில் நின்றிருந்தார்.

“நல்லாத்தான்க்கா போட்டுக்கீறேன்” என்றார் அருள்ராஜ்.

“தெரியும்டா. உள்ள கீற பிளாஸ்டிக் சக்கரம்தான் பெட்ரோல்ல ஊறி உப்பிக்குது. அது வெளியிலருந்து வந்தது. உன் வேலைல ஒண்ணும் இல்ல.”

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாம் இல்ல?”

“சொல்லியிருந்தா, என் வேல சுத்தம்னு நிம்மதியா இருந்துட்டு நீ வண்டியக் கொண்டாந்திருக்க மாட்ட.”

அருள்ராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று வேறு பக்கம் போய்விட்டேன். மறுநாள் ஷீபா மாமன் காரில்தான் சர்ச்சுக்கு வந்து இறங்கினாள்.

ஊருக்கெல்லாம் மறைக்காமல் சொன்னவர் தம்பிக்கு ஆறுதலான பாதியை மறைத்தது சரியா என்று ஒரு நாள் அவரிடமே கேட்டிருக்கிறேன். “எனக்கும் தெரியல பாஸ்கர். அவனுக்கு என் மேல கோவம் வந்தாலும் பரவால்ல, உசுரோட கோவப்படட்டும்னு நெனச்சேன்” என்றார். அது எனக்கு இன்றும் முழுதாகச் சரி என்று படவில்லை. ஆனால் அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் தம்பியைச் சமாதானப்படுத்திவிட்டுக் காரைக் கோட்டை விட்டிருப்பேன் என்பது மட்டும் நிச்சயம்.

மண்ணூரில் அடக்கம் முடிந்து சில நாட்களிலேயே, பம்ப் ரீகால் வந்த அதே மாடலுக்கு இன்னொரு ரீகால் வந்தது. வாழ்த்துகள் என்று தொடங்கும் தாளும் கூடவே வந்தது. ஜெசிந்தாவின் நாற்காலிக்கு இன்னும் ஆள் போடாததால் என்னையே பேசச் சொன்னார்கள். தாளைக் கவிழ்த்து வைத்தேன். அவர் விட்டுப்போனதில் எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு வாக்கியம்தான். அதை முதலில் யாரிடம் சொல்லிப் பார்ப்பது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

“உங்க வண்டில எங்க கம்பெனி ஒரு தப்பு பண்ணிட்டுது” என்றேன்.

மறுமுனையில் கம்பெனி மெஷின்களின் சத்தம் கேட்டது. அதற்கு மேலே குரலை உயர்த்தி அருள்ராஜ், “நாளைக்கி ஷிப்ட் முடிஞ்சதும் கொண்டாந்து வுட்டுர்றேன்” என்றார்.

எந்தப் பார்ட்டு என்று அவர் கேட்கவில்லை.