வில்லனுக்குக் கை தட்டியவர்

அப்போது எங்கள் பூண்டியில் சினிமாக் கொட்டகை கிடையாது, திருவிழா நாடகம்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான், நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுவேன். உயரத்தைப் பார்த்து எனக்கு வில்லன் வேஷம் கொடுத்தார்கள். ஒட்டு மீசை வைத்ததும் கூச்சம் போய்விட்டது.

அந்த வாரம், என் நிலத்துக்கு மேலே பயிர் வைத்திருந்த மேல்காட்டுக்காரர் வாய்க்காலை அடைத்துவிட்டார். என் பூண்டுப் பயிர் வாடியது. "ஒரு நாள் தண்ணி விடுங்கய்யா" என்று கெஞ்சினேன். "ஒம் பூண்டு காஞ்சா எனக்கென்னலே? சோலியப் பாத்துட்டுப் போ" என்றார்.

மேடையில் ஏழைக் குடியானவன் என்னிடம் கெஞ்சும் காட்சி வந்தது. எழுதிக் கொடுத்த வசனத்தை விட்டுவிட்டு, மேல்காட்டுக்காரர் என்னிடம் சொன்னதையே, முன்வரிசையில் இருந்த அவரைப் பார்த்துச் சொன்னேன். கூட்டம் ரசித்துக் கை தட்டியது. அவரும் தட்டினார்.

"வில்லன் பயலுக்கு என்னா திமிரு! இவனையெல்லாம் கட்டி வச்சு உதைக்கணும்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விடிந்ததும் மண்வெட்டியோடு போய் அடைப்பை வெட்டினேன். "ஏலே, யாரக் கேட்டு வெட்டுற?" என்று ஓடி வந்தார். நான் வெட்டுவதை நிறுத்தவில்லை.

பயிர் பிழைத்தது. கோபம் மட்டும் இன்னும் தீரவில்லை. அவர் மேல் மட்டுமல்ல, என் மேலும்தான். அந்த வசனத்தைச் சொன்னபோது என் நாக்குக்கும் அது ருசித்தது.