கட்டிலுக்கடியில் வாத்து

சுகாதார ஊழியர் இன்ஷிராஹ் வந்தால் எங்கள் தெருவில் யாரும் உடனே கதவைத் திறப்பதில்லை. முதலில் உள்ளே ஓட்டம், சிறகடிப்பு, "சும்மா இரு சனியனே" என்ற அதட்டல். பிறகுதான் தாழ்ப்பாள் விலகும். அதுவரை சுகாதார நிலையம் கொடுத்த படங்களோடு அவள் வெயிலில் நிற்பாள்.

நைல் கழிமுகத்தில் மொட்டைமாடியில் கோழியோ வாத்தோ வளர்க்காத வீடு அபூர்வம். பறவைக் காய்ச்சல் வந்து, அதிகாரிகள் பிடித்துக் கொல்ல ஆரம்பித்ததும், பெண்கள் அவற்றைப் படுக்கையறைக்கு இறக்கிவிட்டார்கள்.

"மாடியில இருந்தாலாவது நோய் காத்தோட போகும், உம்மு சுப்ஹி. படுக்கிற இடத்துலயா வைப்பாங்க?" என்றாள் இன்ஷிராஹ்.

"எங்க வீட்ல ஏது வாத்து?"

கட்டிலுக்கடியில் ஒன்று கத்தியது.

"அது அவரோட குறட்டை."

"அவரை இப்பத்தான் வயல்ல பாத்துட்டு வர்றேன்."

உம்மு சுப்ஹி தேநீர் ஊற்றப் போய்விட்டாள்.

"இன்னிக்கு வாத்துகிட்டேருந்துதான் நமக்கு வருது. நாளைக்கு மனுஷனுக்கு மனுஷன் தாவக் கத்துக்கிச்சுன்னா ஊரு உலகமே படுத்துடும். புரியுதா?"

"உலகத்தைக் கெடுக்க என் வாத்துதான் கிடைச்சுதா? சர்க்கரை எவ்வளவு?"

குளிர்காலத்தில் உம்மு சுப்ஹியின் வாத்துகளில் இரண்டு நோயில் விழுந்தன. சாகுமுன் அறுத்துவிட்டார்கள். இறகு பிடுங்கியது மகள் ஹனாதி. சில நாளில் அவளுக்கு அனலாய்க் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, வீட்டில் பறவையே இல்லை என்று சத்தியம் செய்தாள் தாய். சாதாரண மாத்திரை கொடுத்துப் பொது வார்டில் படுக்கவைத்தார்கள்.

ரொட்டி வரிசையில் இதைக் கேட்ட இன்ஷிராஹ் ரொட்டி வாங்காமலே ஆஸ்பத்திரிக்கு வேன் ஏறினாள்.

"டாக்டர், இவங்க கட்டிலுக்கடியில வாத்து இருக்கு. ரெண்டுக்கு நோய் வந்து அறுத்துட்டாங்க. இந்தப் பொண்ணுதான் சுத்தம் பண்ணினா."

"பொய்" என்றாள் உம்மு சுப்ஹி.

ஹனாதி மூச்சு வாங்கியபடி, "நிஜம்தான்" என்றாள்.

தனி அறைக்கு மாற்றி, உரிய மருந்தை அன்றே தொடங்கினார்கள். பிழைத்துக்கொண்டாள். மிச்ச வாத்துகளை அதிகாரிகள் சாக்கில் கட்டிப் போனார்கள். அதற்காக உம்மு சுப்ஹி மாதக்கணக்கில் இன்ஷிராஹோடு பேசவில்லை. "மகளைக் காப்பாத்தினா, சரி. வாத்தை ஏன் காட்டிக்கொடுக்கணும்?" என்று கடைக்காரனிடம் கேட்டாளாம்.

பெருநாள் அன்று அவளே மூடிய தட்டோடு இன்ஷிராஹ் வீட்டுக்கு வந்தாள். அரிசியும் வெங்காயமும் அடைத்து வேகவைத்த வாத்து.

"இது எங்கேருந்து?" என்றாள் இன்ஷிராஹ்.

"நல்லா வெந்திருக்கு. வேகவெச்சா பயமில்லன்னு நீதானே சொன்னே?"

"நான் கேட்டது அதில்ல."

"சூடு ஆறிடும், சாப்பிடு."

இன்ஷிராஹ் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பசி வேறு. திட்டிக்கொண்டேதான் சாப்பிட்டாள்.