டிம் போதும், மாப்பிள்ளை

மகன் புதிதாக வாங்கிய காரின் டேஷ்போர்டுப் பெட்டியில் ஒரு துணியை ஒளித்து வைத்திருக்கிறேன். இரண்டு உள்ளங்கைகளை விரித்தால் எவ்வளவோ அவ்வளவு. ஒரு காலத்தில் நீலப்பூ போட்ட சாரோங்கின் ஓரம் அது. இப்போது பூ எங்கே போயிற்று என்று கேட்டால் பதில் கிடையாது. மகன் அதை இருமுறை குப்பையில் போட்டான், இருமுறையும் நான் மீட்டேன். “அப்பா, இந்தக் கார்ல எல்லாமே ஆட்டோமேட்டிக் லா. இருட்டினா லைட் தானா எரியும், மழை வந்தா வைப்பர் தானா ஓடும். உங்களுக்கு எதுக்கு இந்தத் துணி?” என்றான். “லைட் தானா எரியும், சரி. தானா துடைச்சுக்குமா?” என்று கேட்டேன். எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் ஏது? அந்த வாய், அந்தத் துணியைப்போலவே, என் மாமியாருடையது. வாடகைக்கு எடுத்துப் பேசிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

அத்தை ஒரு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் கடை வைத்திருந்தார். தேக்காவில் அடுக்குமாடி வீடு, ஞாயிறு தவறாமல் மாதா கோயிலில் பூசை, இடுப்பில் சாரோங், தோளில் எப்போதும் ஒரு துண்டு. முருகனைக் கும்பிடுகிறவன் தம் மகளைக் கட்டிக்கொண்டதைப் பற்றி அவர் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: “அவரும் மலை மேல இருக்கிற சாமிதானே, தூரத்துலேர்ந்தே பாத்துக்குவாரு.” மாமனாரை நான் பார்த்ததில்லை. பிரிட்டிஷ் ராணுவத் தளத்தில் லாரி ஓட்டியவர். எங்கள் திருமணத்துக்குச் சில வருடங்கள் முன்பே நோயில் போய்விட்டார். ஆனால் அவருடைய காலைப் பழக்கம் ஒன்று மட்டும் அந்த வீட்டில் உயிரோடு இருந்தது. லாரியை எடுப்பதற்கு முன் மனைவியை வெளியே நிறுத்தி விளக்குகளைச் சோதிப்பாராம். அத்தை முன்னால் நின்று “இடது… வலது” என்பார், பின்னால் போய் “பிரேக்கு” என்பார், ஈரத்துணியால் விளக்குக் கண்ணாடிகளைத் துடைத்துவிட்டு, “போயிட்டு வாங்க” என்பார். அவர் போன பிறகும் அத்தை அதை விடவில்லை. எந்தக் காரில் ஏறினாலும் சரி, டாக்சியாக இருந்தாலும் சரி, முதலில் விளக்குகளைத் துடைப்பார். தேக்காவில் நிற்கும் டாக்சிக்காரர்களில் பாதிப் பேர் இலவசமாகத் துடைத்துக்கொள்ள அவரைத் தேடி வந்தார்கள் என்பது என் சந்தேகம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், தெரிந்தால்தான் பின்னால் நடந்தது புரியும். பச்சை விளக்கைக் கண்டு பதறிப் பிரேக் போட்டு ஓட்டுநர் தேர்வில் தோற்றவன் நான். அடுத்த தேர்வில் ஒரு பூனைக்கு வழிவிட்டேன். பூனை நடைபாதையில்தான் இருந்தது. அது இறங்கினால் என்ன செய்வது என்ற முன்யோசனை. கடைசியில் ஒரு தேர்வதிகாரி, இவனை மறுபடியும் பார்க்கக்கூடாது என்று தீர்மானித்தவர்போல் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். அந்த உரிமத்தைப் பணப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்வந்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நவம்பர் மாதம். கல்லறைத் திருநாள். கணவர் இறந்ததிலிருந்து ஒரு வருடம்கூடத் தவறாமல் அத்தை சுவா சூ காங் இடுகாட்டுக்குப் போய் அவர் கல்லறையில் விளக்கேற்றி வந்தார். “இருட்டுல லாரி ஓட்டின மனுஷன். அன்னைக்கு ஒரு நாளாவது அவருக்கு வெளிச்சம் வேணும்” என்பது அவர் கணக்கு. வழக்கமாக மைத்துனர்தான் கூட்டிப்போவார். அந்த வருடம் அவர் காற்பந்து விளையாடிக் காலை உடைத்துக்கொண்டு மாவுக்கட்டோடு கிடந்தார். என் மனைவிக்கு மருத்துவமனையில் மாலை வேலை. அத்தையின் முழங்கால் வலிக்குப் பஸ் சரிப்படாது. மாலை நேரத்தில் கல்லறை என்றதும் டாக்சிக்காரர்களுக்குத் திடீரென்று வேறு அவசர வேலை வந்துவிடும், கண்ணாடி துடைத்துக்கொண்டவர்கள் உட்பட. கடையை மூடி வந்த அத்தை, மெழுகுவர்த்திப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“மாப்பிள்ளைகிட்ட லைசென்ஸ் இருக்கு. மகன்கிட்ட கார் இருக்கு. அப்புறம் என்ன?”

என்னவா? மைத்துனருடையது ஐரோப்பியக் கார். நான் பழகியது ஜப்பான் காரில். அதில் சமிக்ஞைக் குச்சி வலது பக்கம், வைப்பர் இடது பக்கம். இதில் நேர்மாறு. மைத்துனர் படுத்தபடியே பாடம் நடத்தினார். அதோடு நிறுத்தாமல், “அதுல குரூஸ் கண்ட்ரோல் இருக்கு மச்சான். வேகத்தைப் பிடிச்சு ஒரு பட்டனை அமுக்கிட்டா போதும், கால எடுத்துடலாம். கார் தானா அதே வேகத்துல போகும்” என்றார். அந்தக் காலத்தில் அது பெரிய அதிசயம். அத்தை அதைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். “கால் சும்மா இருந்தா புத்தியும் சும்மா இருக்கும். அதெல்லாம் தொடாதீங்க மாப்பிள்ளை.”

தொட்டேன். விளக்குகளைத் துடைத்து, “இடது, வலது” சொல்லி, என் வைப்பரை இரண்டு முறை தவறுதலாக ஓடவைத்து, ஒருவழியாகக் கிளம்பித் தீவு விரைவுச்சாலையில் ஏறினோம். சாலை காலியாக இருந்தது, வெயில்கூட எட்டிப் பார்த்தது. ஆமை வேகத்தில் போகும் என்னை எல்லாரும் ஹாரன் அடித்துத் தாண்டினார்கள். மாமியார் முன்னால் மானம் போகிறதே என்று வேகத்தைக் கூட்டி அந்தப் பொத்தானை அமுக்கினேன். கார் தானாகப் போயிற்று. நான் காலை நீட்டி உட்கார்ந்து, ஏதோ கப்பல் தலைவன்போல் புக்கிட் பாத்தோக் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த புதிய கட்டடங்களைப் பார்வையிட்டேன்.

மழை சொல்லிக்கொண்டு வரவில்லை. ஒரே இரைச்சலாகக் கொட்டியது. கண்ணாடி கரைந்து போனதுபோல் எதிரே ஒன்றும் தெரியவில்லை. வைப்பர் போட இடது கை பாய்ந்தது. வலப்பக்கச் சமிக்ஞைதான் மின்னியது. பின்னால் வந்த காய்கறி லாரி, நான் குறுக்கே வரப்போகிறேன் என்று பயந்து ஹாரனில் அலறியது. பெரிய விளக்கைப் போட்டேன். மழைத்தாரைகள் அந்த வெளிச்சத்தை அப்படியே என் கண்ணில் திருப்பி அடித்தன. வேகத்தைக் குறைக்கக் காலை எடுக்கலாம் என்று பார்த்தால், கால் ஏற்கெனவே சும்மாதான் இருந்தது. எடுக்க ஒன்றுமில்லை. கார் அது பாட்டுக்கு அதே வேகத்தில் தேங்கிய தண்ணீருக்குள் புகுந்தது. சக்கரம் தரையை விட்டுவிட்டது. கார் பக்கவாட்டில் லேசாக வழுக்கியது.

“முருகா!” என்று கத்தினேன்.

“கூப்பிடுங்க, பின்னால இடம் இருக்கு” என்றார் அத்தை. குரலில் நடுக்கமே இல்லை. “இப்போ பிரேக்கைத் தொடுங்க. மிதிக்காதீங்க. தொடுங்க.”

தொட்டேன். அந்த அதிசயப் பொத்தானின் பிடி விட்டது. ஸ்டீரிங்கை நேராகப் பிடித்திருக்கச் சொன்னார், பிடித்தேன். தண்ணீரைத் தாண்டியதும் சக்கரம் தரையைக் கவ்வியது. ஓரமாக ஒதுங்கி நிறுத்தினேன். நாலு பக்கமும் மின்னும் ஆபத்து விளக்கைப் போட்டேன்.

“வீட்டுக்குப் போயிடலாம் அத்தை. மாமா கோவிச்சுக்க மாட்டாரு.”

“அவரு கோவிச்சுக்க மாட்டாரு. நான் கோவிச்சுக்குவேன்.” அத்தை முன்கண்ணாடியைத் தம் துண்டால் உட்புறம் துடைத்தார். “நீங்க திரும்பிப் போகணும்னா போங்க. நான் நடந்து போறேன்.” முழங்கால் வலிக்காரர், கொட்டும் மழையில், விரைவுச்சாலையில். கதவின் பிடியில் கை வைத்தும்விட்டார். அவர் விளையாடவில்லை என்பது புரிந்தது. அந்தக் கதவு திறந்தால் நான் இந்தக் குடும்பத்தில் இனி தலைகாட்ட முடியாது என்பதும் புரிந்தது. பயத்திலும் பெரியது, சின்னது உண்டு அல்லவா? பெரிய பயம் சின்னப் பயத்தை விழுங்கிவிட்டது. வீரம் என்று ஊரார் சொல்வது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

மழை சற்றுத் தணியும்வரை காத்திருந்தோம். கிளம்பும்போது அந்த ஆபத்து விளக்கு மின்னியபடியே போகலாம் என்றேன், ஒரு தைரியத்துக்கு. “நாலும் மின்னினா நீங்க எந்தப் பக்கம் திரும்புவீங்கன்னு பின்னால வர்றவனுக்கு எப்படித் தெரியும்? நிக்கறப்பதான் அது. அணைங்க” என்றார். வைப்பர் எந்தப் பக்கம் என்று வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் போட்டேன். சுவா சூ காங் சாலை அப்போது ஒடுக்கமாக, இருபுறமும் பண்ணைகளோடு இருந்தது. எதிரே லாரி வரும்போதெல்லாம் பக்கத்திலிருந்து ஒரு குரல்: “டிம் பண்ணுங்க. அவனுக்கும் வீட்டுல பொண்டாட்டி இருக்கும்.” காலைப் பெடலிலிருந்து எடுக்கவே இல்லை. அத்தனை பிடிவாதமாக நான் எதையும் அழுத்திக்கொண்டிருந்ததில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை நின்றிருந்தது, வெளிச்சமும் போயிருந்தது. கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. கல்லறைகளில் மெழுகுவர்த்திகள் அணைந்து கிடந்தன. மாமாவின் கல்லறை உள்பாதையை ஒட்டியது. அத்தை குனிந்து தீக்குச்சியை உரசினார். மழை ஈரத்தில் நமுத்துப்போயிருந்தது. இன்னொன்று. இன்னொன்று. பெட்டி காலியாயிற்று. அவர் நிமிராமல் அப்படியே நின்றார். காலிப் பெட்டியைத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடியும் திறந்து பார்த்தார்.

பிறகு காருக்குப் போனேன். மெல்ல நகர்த்தி, மூக்கைக் கல்லறைப் பக்கம் திருப்பி, விளக்கைப் போட்டேன். பதற்றத்தில் பெரிய விளக்கு. சிலுவையும் பெயரும் தேதியும் வெள்ளையாய்ப் பளீரென்று எழுந்தன. அத்தை கையால் கண்ணை மறைத்தபடி திரும்பினார்.

“டிம் போதும், மாப்பிள்ளை. அவருக்குக் கண் கூசும்.”

தணித்தேன். அந்த மங்கலான வெளிச்சத்தில் அவர் ஜெபமாலை சொல்லி முடிக்கும்வரை எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தேன். பக்கத்துக் கல்லறைக்கு வந்த ஒரு சீன அம்மா சன்னலைத் தட்டி, இன்னும் கொஞ்ச நேரம் விளக்கை எரியவிட முடியுமா என்று கேட்டார், அவர் தீக்குச்சியும் பற்றவில்லையாம். எனக்கு ஒரே பெருமை, மின்சார வாரியமே நான்தான் என்பதுபோல.

ஜெபம் முடிந்ததும் அத்தை காரின் முன்னால் வந்து நின்றார். அந்த நீலப்பூத் துணியை எடுத்து இரண்டு விளக்குகளையும் துடைத்தார். பிறகு, தாம் தினமும் சொல்லிப் பழகிய குரலில், என்னைப் பார்க்காமல் கல்லைப் பார்த்துச் சொன்னார்: “இடது.”

என் வலது கை குச்சியைத் தட்டியது. வைப்பர் எழுந்து, காய்ந்துகொண்டிருந்த கண்ணாடியில் கறகறவென்று இப்படியும் அப்படியும் ஆடியது.

அத்தை ஒரு கணம் பார்த்தார். அப்புறம் சிரித்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பாத்தீங்களா,” என்றார் கல்லிடம், “உங்க மாப்பிள்ளை கையாட்டுறாரு.”

நிலத்தை அரசு எடுத்துக்கொண்டதால் அந்தக் கல்லறைகள் இன்று அங்கே இல்லை. தோண்டியெடுத்து எரித்த மாமாவின் எலும்புச் சாம்பலும், பிற்பாடு போன அத்தையின் சாம்பலும் ஒரே மாடத்தில் இருக்கின்றன, பகலிலும் விளக்கு தானாக எரியும் கட்டடத்தில். தீக்குச்சிக்கே வேலையில்லை. போன கல்லறைத் திருநாளன்று மகன் என்னை ஓட்டச் சொன்னான். மாடத்தில் பூ வைத்துவிட்டுக் கார் நிறுத்துமிடத்துக்கு வந்ததும், அந்தத் துணியை எடுத்து விளக்குகளைத் துடைத்தேன். மகன் பெருமூச்சு விட்டான். ஆனால் தானாகவே காரின் முன்னால் போய் நின்றான்.

“சரி சரி. இடது” என்றான்.

மகன் வாங்கியிருப்பதும் ஐரோப்பியக் கார்தான். எதிரே வெறும் சுவர், அதில் டிம் விளக்கின் வட்டம். என் வலது கை, இத்தனை வருடத்தில் ஒன்றும் கற்றுக்கொள்ளாத கை, குச்சியைத் தட்டியது. “அப்பா, அது வைப்பர்!” என்று கத்தினான். தெரியும். சொட்டு ஈரமில்லாத கண்ணாடியில் அது இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. உடனே நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.