குச்சி முதலில், திருகு பிறகு

தில்லை நகரில் எங்கள் தெருவுக்கு வந்த முதல் கேஸ் அடுப்பு எங்கள் வீட்டு அடுப்புதான். எழுபதுகளின் நடுப்பகுதி அது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, எனக்கு வந்த வாழ்வைப் பற்றிப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார்கள். அதன் பக்கத்தில் போகவே எனக்குப் பயம் என்பது அவர்களுக்குத் தெரியாது. விறகு எரிந்தால் கண்ணுக்குத் தெரியும். மண்ணெண்ணெய் சிந்தினாலும் தெரியும். இதுவோ சத்தம் போடாமல் வந்து அறை முழுக்க நிற்குமாம். அப்படிப்பட்ட ஒன்றோடு ஒரே வீட்டில் எப்படித் தூங்குவது?

என் கணவர்தான் தினமும் அதைப் பற்றவைப்பார். அவர் திருவெறும்பூர் தொழிற்சாலைக்குக் கிளம்புவதற்குள் சமையல் முழுவதையும் முடித்துவிடுவேன். போகும்போது அவரே அணைத்து, சிலிண்டரையும் மூடிவிட்டுப் போவார். அதற்குப் பிறகு யார் வந்தாலும் மோர்தான். வெயிலுக்கு நல்லது என்று சொல்லிச் சமாளிப்பேன். மார்கழியிலும் அதையேதான் சொன்னேன்.

அப்போது நான் ஒரு மாதர் கல்விக் கழகத்தில் உறுப்பினர். சனிக்கிழமை மத்தியானங்களில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூடுவோம். ஒரு வாரம் தக்காளி ஜாம், ஒரு வாரம் முதலுதவி, இன்னொரு வாரம் யாராவது பேராசிரியை வந்து கிரகங்களைப் பற்றிப் பேசுவார். சாப்பிட்ட மயக்கத்தில் பாதிப் பேர் கண்ணயர்ந்துவிடுவோம். எங்கள் தலைவிக்குப் பேச்சோடு நிறுத்துவது பிடிக்காது, எதையும் செய்து காட்டிவிட வேண்டும். கேஸ் அடுப்பைப் பயன்படுத்துவது எப்படி என்று ஒரு நிகழ்ச்சி போட்டார். செய்து காட்ட வேண்டியவள் நான். எனக்குத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். கௌரவம் விடவில்லை.

அந்த வாரமே கணவருக்கு வெளிமாநிலத்தில் இயந்திரம் பொருத்தும் வேலைக்கு உத்தரவு வந்தது. திங்கட்கிழமை கிளம்ப வேண்டும், திரும்பப் பல மாதங்கள் ஆகும். பழைய விறகடுப்பை இடித்துத் தரையைச் சமப்படுத்தியாகிவிட்டது. இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு நான் எதில் சமைப்பேன்? மோர் கொடுத்தே வளர்க்க முடியுமா? இரவெல்லாம் அந்த சிலிண்டர் என் தலைமாட்டில் நிற்பது போலவே இருந்தது.

சனிக்கிழமை கணவரே அடுப்பையும் சிலிண்டரையும் ஹாலுக்குக் கொண்டுவந்து, அடுப்பை மேஜைமேல் வைத்து, குழாயை மாட்டி, சிலிண்டரைத் திறந்து கொடுத்தார். "குச்சி முதல்ல, திருகு அப்புறம். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, பெண்கள் வர ஆரம்பித்ததும் கிளம்பிவிட்டார். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி வந்த மாமி ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்தார். "இதுல தளிகை பண்ணி பெருமாளுக்கு அமுது செய்யப் பண்ணலாமோ?" என்று நைவேத்தியக் கவலையோடு கேட்டார். கேள்விகள் கடைசியில் என்றார் தலைவி.

பின்வரிசையில் வழக்கம்போல் டீச்சர் இருந்தார். மேலப்புதூரிலிருந்து வருபவர், கான்வென்ட்டில் கணக்கு எடுப்பவர். திருச்சி வெயிலிலும் மணிக்கட்டு வரை கை வைத்த ரவிக்கைதான் போடுவார். பம்ப் ஸ்டவ் வெடித்ததில் வலது கை வெந்துபோனது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி யாரும் அவரிடம் கேட்டதில்லை.

காற்றில் குச்சி அணைந்துவிடும் என்று மின்விசிறியை நிறுத்தி ஜன்னல்களையும் சாத்தினார்கள். குத்துவிளக்கு ஏற்றும்போது செய்கிற பழக்கம் அது. படித்த பெண்கள் அத்தனை பேர் இருந்தோம், ஒருத்திக்கும் தப்பு உறைக்கவில்லை. எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். எனக்குக் காது அடைத்துப்போனது. காலையில் நூறு தடவை சொல்லிப் பார்த்தது மறந்து, அடுப்பின் திருகை முதலில் திருப்பிவிட்டேன்.

குச்சியை உரசினேன், ஒடிந்தது. அடுத்தது வியர்வையில் நமுத்துப்போய்ப் பற்றவில்லை. அடுப்பிலிருந்து மெல்லிய சீறல் வந்துகொண்டே இருந்தது. அழுகிய முட்டைக்கோஸ் வாடை மூக்கில் ஏறியது. என்ன நடக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் கை என் பேச்சைக் கேட்கவில்லை. அது இன்னொரு குச்சியை எடுத்துப் பெட்டியின் உரசும் பக்கத்தில் வைத்துவிட்டது.

"கிழிக்காதீங்க."

டீச்சரின் குரல் உயரவே இல்லை. நடந்து வந்து திருகை மூடினார், சிலிண்டரையும் மூடினார். ஜன்னல்களைத் திறக்கச் சொல்லி, எல்லோரையும் ஓடாமல் வெளியே போகச் சொன்னார். மைதானத்தில் வந்து நின்றபோதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. இருபது முப்பது குடும்பங்களை ஒரு குச்சியில் கொளுத்தப் பார்த்தேனே என்று அழுதேன். ஒரு நாள்கூட நான் அதைப் பற்றவைத்ததில்லை என்பதையும் திங்கட்கிழமை விஷயத்தையும் டீச்சரிடம் கொட்டிவிட்டேன். இனி அந்த ஹாலுக்குள் கால் வைக்க மாட்டேன் என்றும் சொன்னேன்.

டீச்சர் என்னைத் தேற்றவில்லை. வெகுநேரம் கழித்து, வாடை முழுக்கப் போய்விட்டதா என்று தானே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"வாங்க, உள்ள போவோம். நானும் அந்த விபத்துக்கப்புறம் நெருப்புக் கிட்டப் போனதே இல்லீங்க. வீட்டுல அம்மாதான் சமைக்கிறாங்க. கோயில்ல மெழுகுவர்த்திகூட என் பொண்ணுதான் ஏத்துவா. ரெண்டு பேருமா சேர்ந்து பத்த வைப்போம்."

அடுப்பின் முன்னால் நின்றோம். மற்றவர்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள், தலைவி உட்பட. டீச்சரே சிலிண்டரைத் திறந்தார். பிறகு ரவிக்கையின் கையை முழங்கை வரை மடித்துவிட்டார். அந்தத் தழும்பை நான் அன்றுதான் பார்த்தேன். தழும்பேறிய அந்தக் கை திருகின்மேல் இருந்தது.

"குச்சி முதல்ல" என்றேன்.

உரசினேன். பற்றிக்கொண்டது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு திருப்பினார். பொக்கென்று நீலமாய்ச் சுற்றி எரிந்தது. இருவரும் ஓர் அடி பின்னால் போனோம், ஆனால் ஓடவில்லை.

வாசலிலிருந்து தலைவி, போதும் அணைத்துவிடுங்கள் என்றார். டீச்சர் மெதுவாகக் கண்ணைத் திறந்தார்.

"கொஞ்சம் எரியட்டுங்க" என்றார்.